கை மாறிய மலை

மாத்தளைக் கோச்சிக்காக வத்தேகம ஸ்டேஷனில் காத்திருந்த ஒரு காலையில் லண்டனிலிருந்து அக்காள் மகன் பேசினான். அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. "மாமா, நாங்க போற கோச்சிய கவர்மெண்ட் எடுத்துக்கிட்டாங்க. இனி கம்பனிக்காரனுக்கு அதுல ஒன்னும் இல்ல" என்றான். 2025 மே மாதத்தின் கடைசி வாரம் அது. 25ஆம் திகதி சவுத் வெஸ்டர்ன் ரெயில்வே அரசின் கைக்குப் போயிருந்தது. நியூ மோல்டனில் ஏறி வாட்டர்லூவுக்கு வேலைக்குப் போகிறவன் அவன். பல வருஷமாக அந்த ஸ்டேஷன் வாசலில் குளிரில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்தவன், மனுவுக்குக் கையெழுத்து வாங்கியவன். நினைத்த காரியம் கைகூடிய நிறைவு அவன் குரலில் தெரிந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு கேட்டான்: "நம்ம தோட்டங்களையும் கம்பனிக்காரன்கிட்ட இருந்து இப்படித்தானே மாமா திருப்பி எடுக்கணும்?"

கோச்சி வந்துவிட்டது. "நீ வேலைக்குப் போப்பா, பிறகு பேசுவோம்" என்று வைத்துவிட்டேன். உக்குவளை தாண்டியும் அந்தக் கேள்வி விடவில்லை. கைபேசியில் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற பதில் அதற்கு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர்கள் சாதித்தது சின்னக் காரியமில்லை. 1993இல் ஒரு சட்டம் கொண்டுவந்து பிரிட்டிஷ் ரெயிலைக் கூறு போட்டார்கள். தண்டவாளமும் சிக்னலும் ஒரு கம்பனிக்கு, வண்டி ஓட்டும் உரிமை பல கம்பனிகளுக்கு, பெட்டிகளும் எஞ்சினும் அவற்றை வாடகைக்கு விடும் வேறு கம்பனிகளுக்கு. தண்டவாளத்தை வைத்திருந்த ரெயில்ட்ராக் பராமரிப்பை வெளியாருக்குக் கொந்தரப்பு விட்டது. 2000 ஒக்டோபர் 17ஆம் திகதி ஹட்ஃபீல்டில் வெடிப்பு விழுந்திருந்த தண்டவாளம் ஓடும் ரயிலின் கீழே நொறுங்கி நான்கு பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அந்தக் கம்பனி சரிந்தது. 2002இல் நெட்வொர்க் ரெயில் என்ற, இலாபத்தைப் பங்கிடாத நிறுவனத்திடம் பாதை வந்து சேர்ந்தது. வண்டி ஓட்டும் உரிமையும் பெட்டிகளும் தனியாரிடமே இருந்தன. கட்டணம் வருஷா வருஷம் ஏறியது.

2009இல் எல்லி ஹாரிசன் என்ற கலைஞர் 'பிரிங் பேக் பிரிட்டிஷ் ரெயில்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். தொழிற்சங்கங்கள் அதற்கு முன்பிருந்தே இதைப் பேசிக்கொண்டிருந்தன. கேலி செய்தவர்கள் நிறையப் பேர். பழைய பிரிட்டிஷ் ரெயிலின் காய்ந்துபோன சாண்ட்விச் மறந்துவிட்டதா என்று கேட்டார்கள். ஆனால் ஒரு கம்பனி கைவிட்ட பாதையை 2009இல் அரசு எடுக்க வேண்டி வந்தது. 2018இல் அதே பாதையை மறுபடியும் எடுத்தார்கள். 2020இல் நொர்தர்ன், 2021இல் சவுத்ஈஸ்டர்ன். 2024 நவம்பரில் பயணிகள் ரயில் சேவைகளைப் பொது உடைமையாக்கும் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் பொறிமுறை எளிது. எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கம்பனியின் ஒப்பந்தமும் முடிகிற நாளில் அது அரசிடம் திரும்பிவிடும். ஒப்பந்தக் காலம் என்ற ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் அதிகாலை வோக்கிங்கிலிருந்து கிளம்ப வேண்டிய முதல் சேவையில் ஒரு பகுதி, பாதையில் வேலை நடந்ததால், பஸ்ஸில்தான் போனதாம். பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போட்டன. எனக்கு அது பெரிய விஷயமில்லை. முப்பது வருஷக் கேடு ஒரு இரவில் நேராகாது. பெட்டிகளும் எஞ்சினும் இன்னும் வாடகைக் கம்பனிகளுடையவை என்பதுதான் பெரிய விஷயம். மருமகனும் அதை அறிவான்.

நம்முடைய கோச்சிக்கு இந்தக் கதை வரவில்லை. இலங்கையில் ரயில் பாதை போடக் கிளம்பியதும் லண்டனில் பதிந்த ஒரு கம்பனிதான். ஆனால் மதிப்பீட்டுச் செலவு இரண்டு மடங்கையும் தாண்டி ஏறியபோது, ஒரு வண்டிகூட ஓடும் முன்பே, 1861இல் குடியேற்ற அரசு அந்தக் கம்பனியை விலக்கிவிட்டு வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. 1867இல் கோச்சி கண்டிக்கு ஏறியது, 1880இல் மாத்தளைக்கு வந்தது. கோப்பித் தோட்டத் துரைமாருக்காகப் போட்ட பாதைதான், ஆனாலும் அன்று முதல் இன்று வரை அரசுடையது. இந்த மலைகளில் கால் வைத்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட அரசு என்பது வேறு பேச்சு. மாத்தளைக்குக் கோச்சி வருவதற்கு முன் எங்கள் பாட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்து விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. மாத்தளைதான் அவர்கள் மலை ஏறும் வாசல்.

அந்த வாசலிலிருந்து மேலே ஏறினால் வருவது எல்கடுவ.

எல்கடுவவைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாத்தளைக்கும் வத்தேகமவுக்கும் நடுவில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் விளிம்பில் இருக்கிற ஊர். கீழே ரப்பரும் கொக்கோவும் மிளகும் கராம்பும். ஏற ஏறத் தேயிலை. காலையில் பனி மலையின் தோளைவிட்டு இறங்கப் பத்து மணியாகும். தேயிலைக்கு நடுவே செம்புவத்த ஏரி இருக்கிறது. கொழும்பிலிருந்து வேனில் வருகிறவர்கள் டிக்கெட் எடுத்துப் படகில் போய் வருகிறார்கள். ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் எதிர் மலையில் பெண்கள் கூடையோடு நிரையில் நிற்பது தெரியும். படம் எடுக்க மிகவும் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

இந்த மலை எத்தனை கை மாறியது என்று பாருங்கள். முதலில் கண்டி அரசுக் காலத்துக் காடு. பிறகு குடியேற்ற அரசு அதைத் தன்னுடையது என்று எழுதிக்கொண்டு துரைமாருக்கு விற்றது. கோப்பி வந்தது. 1869இல் இலையில் பூஞ்சை விழுந்து கோப்பி அழிந்தது. தேயிலை வந்தது, அதோடு லண்டனிலும் கொழும்பிலும் தலைமையகம் வைத்த கம்பனிகள் வந்தன. 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கும் நிலத்துக்கு 50 ஏக்கர் உச்ச வரம்பு போட்டது. 1975இல் அதைத் திருத்திக் கம்பனித் தோட்டங்களையும் அரசு எடுத்தது. இரண்டு கட்டமும் சேர்ந்து ஒன்பதரை லட்சம் ஏக்கருக்கும் மேல். உலகத்தில் அந்தக் காலத்தில் நடந்த பெரிய தேசியமயமாக்கல்களில் அதுவும் ஒன்று. ஜனவசம என்ற அரசுச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் தோட்டங்களைப் பங்கிட்டுக்கொண்டன. ஜனவசம என்ற பெயரிலேயே 'ஜன' இருக்கிறது. மக்கள்.

எந்த மக்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தோட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சட்டப்படி இந்த நாட்டின் மக்களே இல்லை என்பது தெரிந்திருக்கும். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை வெளியே தள்ளியிருந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். ஆக, தோட்டங்கள் பொதுச் சொத்தான அதே வருஷங்களில், அந்தத் தோட்டங்களை உண்டாக்கியவர்கள் ட்ரங்குப் பெட்டியும் பாயும் கட்டிக்கொண்டு மலையிலிருந்து கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். ஸ்டேஷனில் ஏறுகிறவர்களும் அழுவார்கள், நிற்கிறவர்களும் அழுவார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று அதற்குப் பெயர். அதுவும் அரசுக் கோச்சிதான்.

1970இல் வந்த அந்த அரசில் நல்லவர்கள் இருக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 1948இல் குடியுரிமைச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்த இடதுசாரிகளே அதில் அமைச்சர்களாக இருந்தார்கள். வெள்ளைக்காரக் கம்பனியின் கையிலிருந்து நாட்டின் நிலத்தை மீட்பது நியாயம் என்று மனசார நம்பினார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆனால் 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி வந்தது. மாவும் அரிசியும் கிடைக்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் பிச்சைக்குப் போனவர்களை என் வயதுக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். தோட்டக் காணியை வெளியாருக்குப் பங்கிட்டார்கள். கண்டிப் பக்கத்தில் டெல்டாவிலும் சங்குவாரியிலும் லயங்களிலிருந்து சனங்களை அடித்து விரட்டினார்கள். நுவரெலியாவில் 7,000 ஏக்கரைப் பிரிக்க வந்தபோது தொழிலாளர்கள் குறுக்கே நின்றார்கள். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் சிவனு லட்சுமணன் செத்தார். மீட்டெடுத்த நிலத்தைக் காப்பாற்ற, அந்த நிலத்தில் உழைத்தவர்களே உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் மருமகனுக்கு நான் சொல்லித் தரவில்லை. அவன் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இது இருக்கவில்லை.

ஜனவசமவும் கூட்டுத்தாபனமும் பதினேழு வருஷத்தில் நட்டத்தில் அமிழ்ந்தன. 1992இல் நானூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களைப் பிரித்து, இருபத்துச் சொச்சம் பிராந்தியக் கம்பனிகளை உண்டாக்கி, நிர்வாகத்தைத் தனியாரிடம் கொடுத்தார்கள். நிலம் அரசுடையது. குத்தகை கம்பனிக்கு. முதலில் ஐந்து வருஷ நிர்வாக ஒப்பந்தம் மட்டும். பிறகு பங்குகளை விற்றபோது அது 53 வருஷக் குத்தகை ஆயிற்று. ஒவ்வொரு கம்பனியிலும் பத்து சதவீதப் பங்கைத் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தப் பங்குப் பத்திரத்தை லயக் காம்பராவில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதை என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் டவுனிலிருந்து ஆள் வந்து சில நூறு ரூபாவுக்கு வாங்கிக்கொண்டு போனான்.

அதே காலத்தில் பஸ்ஸுக்கும் இதுதான் நடந்தது. 1958 ஜனவரி 1ஆம் திகதி நாட்டின் பஸ் சேவை முழுவதையும் அரசு எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) ஆக்கியது. 1979இல் தனியார் பஸ்ஸுக்கு வழி விட்டார்கள். பிரேமதாசா காலத்தில் டிப்போக்களைத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கம்பனிகளாக உடைத்தார்கள். அதற்கு வைத்த பெயர் மக்கள்மயப்படுத்தல். 2005இல் சட்டம் கொண்டுவந்து எல்லாவற்றையும் திரும்ப ஒரே சபையாக ஒட்டினார்கள். ஆக, தனியாரிடமிருந்து பொதுவுக்குத் திரும்புவது இந்த நாட்டில் புதுமை இல்லை. தேசியமயம், மக்கள்மயம், தனியார்மயம் என்று எல்லாச் சொற்களும் எங்கள் மலைகளின் மீது ஒரு முறையாவது நடந்துபோயிருக்கின்றன. எந்தச் சொல் வந்தபோதும் காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறுவது நின்றதில்லை.

இனி எல்கடுவவுக்கு வருகிறேன். 1992இல் பிறந்த கம்பனிகளில் எல்கடுவ பிளான்டேஷன்ஸும் ஒன்று. மற்றவை பெரும்பாலும் தனியார் குழுமங்களிடம் போயின. இது இன்று அரசின் கையில் இருக்கிறது. ஜனவசம, கூட்டுத்தாபனம், எல்கடுவ என்று மூன்றையும் சேர்த்துத்தான் 'அரசுத் தோட்டங்கள்' என்கிறார்கள். மருமகன் கேட்ட மீட்பு இங்கே கேட்காமலே இருக்கிறது. அப்படியானால் இந்த மலையில் வாழ்க்கை பக்கத்து மலையைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டுமே? இல்லை. ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎப்), நம்பிக்கைப் பொறுப்பு நிதி, சேவைக்காலப் பணம் மூன்றையும் வருஷக்கணக்காக நிலுவை வைத்த நிறுவனங்கள் என்று நாடாளுமன்றத்திலும் அரசு நிறுவனங்களின் கணக்கை விசாரிக்கும் அதன் கோப் குழுவிலும் திரும்பத் திரும்பப் பேசப்பட்டவை இந்த அரசு நிறுவனங்கள்தான். சேமலாப நிதிக்கு முதலாளி குறைந்தது 12 சதவீதமும் தொழிலாளி 8 சதவீதமும் கட்ட வேண்டும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 சதவீதம். இந்த விதிகளை எழுதியது அரசு. கட்டாதவனைக் கோர்ட்டுக்கு இழுக்கும் தொழில் திணைக்களம் அரசு. பணத்தை வைத்துக் காக்கும் மத்திய வங்கி அரசு. இங்கே கட்டாமல் விட்ட முதலாளியும் அரசு.

தனியார் கம்பனிகளை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. நாள் சம்பளம் ஆயிரம் ரூபா என்று 2021இல் சம்பள நிர்ணய சபை சொன்னபோது நீதிமன்றம் போனவர்கள் அவர்கள். 2024இல் 1,700 ரூபா என்றபோதும் போனார்கள். அவர்களிடமிருந்து தோட்டங்களை எடுக்க வேண்டும் என்பதில் மருமகனுக்கும் எனக்கும் பேதம் இல்லை. எடுத்து யார் கையில் கொடுப்பது என்பதில்தான் என் கவலை.

சில வருஷத்துக்கு முன் ஒரு அக்கா என்னிடம் வந்தார். எந்தத் தோட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். பாரம் நிரப்பித் தரச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. மஞ்சள் துணிப்பையில் ஒரு ஃபைல் கொண்டுவந்திருந்தார். "மாஸ்டர், நாப்பத்தோரு வருசம் கொழுந்து பறிச்சேன். ஈபிஎப் காசு பாதிக்கு மேல காணோம்ங்கிறாங்க" என்றார்.

ஃபைலைத் திறந்தால் எங்கள் மலைகளின் சரித்திரம் அதில் அடுக்கியிருந்தது. அடியில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த ஒரு அரசு நிறுவனத்தின் தாள். விளிம்பு பழுத்து, மடிப்பில் கிழிந்து, பின்னால் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அதற்கு மேலே ஒரு கம்பனியின் தாள், மலையும் இலையும் போட்ட பச்சைச் சின்னத்தோடு. அதற்கு மேலே அதே கம்பனி, வேறு பெயர், வேறு சின்னம். தாளுக்குத் தாள் அவருடைய பெயரும் மாறியிருந்தது. ஒன்றில் 'அம்மா' என்று முடிந்தது, இன்னொன்றில் 'அம்மாள்', அடையாள அட்டையில் அந்த வால் இல்லவே இல்லை. ஈபிஎப் பி கார்ட்டில் பிறந்த வருஷம் இரண்டு குறைந்திருந்தது. சின்னாளாக, அதாவது சிறுவர் கூலியாக, வேலைக்குச் சேர்க்க வயதைக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். சிலேட்டில் எழுதி அழித்ததுபோல ஒவ்வொரு கை மாற்றத்திலும் அவருடைய சேவையில் சில மாதங்கள் அழிந்துபோயிருந்தன. பழைய நிர்வாகம் கட்டியது என்று புதிய நிர்வாகம் நினைத்தது. புதியது கட்டும் என்று பழையது போய்விட்டது.

நாங்கள் இருவரும் மேசையில் தாள்களை வருஷ வரிசைப்படி பரப்பினோம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தத் தாள் எந்தத் துரையின் காலம் என்று கையை வைத்துச் சொன்னார். "இது தாடி வச்ச தொரை. இது நம்ம ஸ்டோர் மூடுனப்ப இருந்த தொரை." அவர் விரல் நுனிகள் தேயிலைக் கறையில் கறுத்து வெடித்திருந்தன. கைரேகை எடுக்கும் மெஷின் அவர் விரலை ஏற்கவில்லை என்று பிறகு அறிந்தேன். பாரத்தில் முதலாளியின் பெயர் என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதில் நான்கு பெயர் எழுதினேன், எழுத்தைச் சின்னதாக்கி. தொழில் அலுவலகத்தில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஒரு பெயர்தான் எழுத வேண்டும் என்று.

பொது உடைமை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மஞ்சள் பைதான் கண்ணில் நிற்கிறது. ஒரு சொத்து கை மாறும்போது ஆபீசர்மார் முதலில் கணக்கெடுப்பது நிலம், ஸ்டோர், லொறி, வங்கிக் கடன். உழைத்தவருக்குச் சேர வேண்டிய பாக்கியை அந்த நாளில் யாரும் கடனாக எழுதுவதில்லை. அதை முதல் வரியில் எழுதாத எந்தத் தேசியமயத்தையும் நான் இனி நம்பமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள் ரோடு போடவும் விளக்குப் போடவும் பிரதேச சபை தன் காசைச் செலவிட அது தடையாக நின்றது. தோட்டம் தனியார் இடம் என்பது அதன் அடிப்படை. அந்தச் சட்டம் வந்த வருஷம் தோட்டங்கள் எல்லாம் ஜனவசமவிடமும் கூட்டுத்தாபனத்திடமும் இருந்தன. அரசின் நிலத்தில், அரசின் லயத்தில் குடியிருந்து, அரசுக்கு வேலை செய்தவர்கள், அரசின் இன்னொரு சபையிடம் குழாய்த் தண்ணீர் கேட்டால் நீங்கள் தனியார் இடத்தில் இருக்கிறீர்கள் என்ற பதில் வந்தது. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். 31 வருஷம்.

2023இல் மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்து இருநூறு வருஷம் என்று நினைவுகூர்ந்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, பாட்டன்மார் நடந்த அதே வழியில், ஜூலை 28ஆம் திகதி தொடங்கி ஆகஸ்ட் 12 வரை நடந்தார்கள். கடைசி நாள் மாத்தளையில் நானும் ரோட்டோரம் நின்றேன். சிங்கள ஊர்களில் தண்ணீரும் இளநீரும் கொடுத்து வரவேற்றதாக நடந்து வந்த பிள்ளைகள் சொன்னார்கள். கால் வெடித்து, முகம் கறுத்து, பாடிக்கொண்டு வந்தார்கள். எங்களையும் ஒரு நாள் இந்த நாடு எண்ணிக்கொள்ளும் என்று அன்று எனக்குத் தோன்றியது உண்மை.

நடை முடிந்த சில நாளில், எல்கடுவ பிளான்டேஷன்ஸைச் சேர்ந்த ரத்வத்த தோட்டத்தில், ஒரு குடும்பம் போட்டிருந்த தற்காலிகக் குடிசையைத் தோட்டத்தின் உதவி முகாமையாளர் உடைத்துப் போட்டார். தகரமும் பலகையும் சிதறிக் கிடப்பதை யாரோ கைபேசியில் பிடித்தார்கள். அது நாடு முழுக்கப் பரவியது. அப்போதைய அமைச்சர் ஜீவன் தொண்டமான் நேரில் வந்து கோபப்பட்டார். நாலு நாள் செய்தி ஓடியது. உடைத்தவர் ஒரு தனி ஆள்தானே, அரசை ஏன் இழுக்கிறாய் என்று கேட்கலாம். லயத்தில் இடம் போதாமல் பக்கத்தில் ஒரு கூரை போட்டால் அதைச் சட்டவிரோதக் கட்டடம் என்று தள்ளிவிட ஒரு சின்ன அதிகாரிக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நான் யோசிக்கிறேன். இருநூறு வருஷம் குடியிருந்தவனுக்கு அந்த மண்ணில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை என்பதிலிருந்து வந்தது. கம்பனித் தோட்டத்திலும் அந்தக் காகிதம் இல்லை, அரசுத் தோட்டத்திலும் இல்லை.

ஆகவே மருமகனுக்கு என் பதில் இதுதான். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் உங்கள் ஆள்கள் ஒப்பந்தம் முடியும் நாளைக் கணக்கு வைத்துக் காத்திருந்தார்களே, அதை நாங்களும் செய்ய வேண்டும். 1992இலிருந்து கணக்கிடும் 53 வருஷக் குத்தகை 2045இல் முடிகிறது. அன்று இந்த மலைகள் திரும்ப அரசிடம் வந்து சேரும். யாரும் போராட வேண்டியதில்லை, நட்டஈடு கொடுக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே வரும். அதனால்தான் பயமாக இருக்கிறது. சும்மா இருந்தால் 1975 வந்ததுபோலத்தான் 2045உம் வரும். இன்னும் இருபது வருஷம் போல இருக்கும்போதே குத்தகையை நீட்டித் தரச் சொல்லிக் கம்பனிகள் கேட்கின்றன. கேட்கிறவர்களுக்கு வக்கீல் இருக்கிறார்கள், அமைச்சின் கதவு தெரியும். எங்கள் சங்கங்கள் சம்பளத்தைத் தாண்டி யோசிக்க நேரமில்லாமல் சந்தாவைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சம்பளப் போராட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாள் கூலியில் சோறு இருக்கிறது. ஆனால் நிலத்தின் பேச்சு நடக்கும் மேசையில் எங்கள் நாற்காலி இன்னும் போடப்படவில்லை.

அந்த மேசையில் என்ன கேட்பது என்று என்னைக் கேட்டால், குத்தகை முடியும் முன்பே வீட்டு நிலம் குடும்பத்தின் பெயரில், பெண்ணின் பெயரும் சேர்ந்து, உறுதியாக எழுதப்பட வேண்டும் என்பேன். ஏழு பேர்ச் என்று அளந்து கொடுத்துவிட்டு, சுற்றியுள்ள மலை முழுவதையும் வேறொரு முதலீட்டாளருக்குக் கொடுத்தால் அது மீட்பு ஆகாது, கொழுந்து பறித்தவர் அதில் பங்காளி ஆக வேண்டும். சேமலாப பாக்கி எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் கடனாக எழுதப்பட வேண்டும். நிர்வாக சபையில் கொழுந்துக் கூடை சுமந்த ஒருவர் உட்கார வேண்டும், தலையாட்ட மட்டும் இல்லாமல் கணக்கைப் பார்க்க. பங்குப் பத்திரம் கொடுப்பதானால் அதை எப்படி வைத்திருப்பது என்று மூன்று மாதம் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். எல்கடுவவில் இதை இன்றே தொடங்கலாம். இங்கே குத்தகை முடியும் வரை காத்திருக்க என்ன இருக்கிறது? முதலாளி அரசுதானே.

வீட்டுக்கு வந்த பிறகு மருமகனோடு பேசினேன். நீளமாகத்தான் பேசினேன், அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "மாமா, நாங்க மனு எழுதுனப்ப பயணிகள்னு எழுதுனோம். அது எல்லாருக்கும் புரிஞ்சிச்சி. இங்க யாரு பேர்ல எழுதுவீங்க?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. தொழிலாளர்கள் என்றால் இன்று தோட்டத்தில் பேர் போடுகிறவர்கள் மட்டும்தான் வருவார்கள். லயத்தில் இருந்துகொண்டு கொழும்பில் கடையில் வேலை செய்யும் பையன் வரமாட்டான். சேவை முடிந்து காம்பராவில் இருக்கும் கிழவி வரமாட்டாள். குடியிருப்பவர்கள் என்று எழுத வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

போன மாதம் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஒருவர் லீவில் போக, மூன்று நாள் போய்ப் பாடம் எடுத்தேன். ஐந்தாம் வகுப்பு. 2045இல் அவர்களுக்கு முப்பது வயதாகும். கடிதம் எழுதும் பாடம். முதலில் வலப்பக்கத்தில் உங்கள் விலாசத்தை எழுதுங்கள் என்றேன். தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதிவிட்டு எல்லோரும் பென்சிலை வைத்துவிட்டார்கள். இலக்கம் எங்கே, வீதி எங்கே என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் இன்னும் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தேன். தோட்டத்தின் பெயருக்குக் கீழே, கோடு போட்டு, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: 'கடிதம் தொரை ஆபீசுக்கு வரும். அப்பா போய் எடுப்பார்.'